மலைப் பயிற்சியை நிறுத்தாமல், மருத்துவரோடு நடத்தக் கோரி

அனுப்புநர்:
மு. செந்தாமரை,
கண்டனூர்,
காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: ஊட்டி மலைப் பயிற்சியில் என் மகள் சத்தியப்பிரியா இறந்தது – பயிற்சி முகாம்களை மருத்துவக் கண்காணிப்புடன் தொடரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. காரைக்குடியில் ஒரு தடகள மன்றத்தில் பயிற்சி பெற்று வந்தாள். மாநிலப் போட்டிக்காகக் கடந்த மாதம் மன்றத்துப் பிள்ளைகளோடு ஊட்டிக்குச் சென்றாள். மலையில் காற்று லேசு, அங்கே தங்கி ஓடினால் இரத்தத்தில் சிவப்பணு கூடும், கீழே வந்தபின் மூச்சு தாங்கும் என்று பயிற்சியாளர் திரு. அருண்பாண்டியன் விளக்கியிருந்தார். அதை இன்றும் நம்புகிறேன். சென்ற ஆண்டு அப்படிப் போய் வந்த பிறகுதான் அவள் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள்.

2. இம்முறை கிளம்பும்போதே அவளுக்கு நெஞ்சுச் சளி. யாரும் பரிசோதிக்கவில்லை. உடம்பு மலைக்குப் பழகுமுன், போய்ச் சேர்ந்த மறுநாளே வேக ஓட்டம் ஓட விட்டார்கள். அன்று மாலை போனில், "அம்மா, படுத்தா மூச்சு முட்டுது. சார் நான் பயந்துக்கிட்டுச் சொல்றேன்னு நினைக்கிறாரு" என்றாள். பயிற்சியாளரிடம் பேசினேன். "எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும், பயப்படாதீக" என்றார். அடுத்த நாளும் ஓடினாள், ஓடுபாதையிலேயே விழுந்தாள். தகவல் கேட்டுக் கிளம்பிய நானும் என் கணவரும் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது.

3. நுரையீரலில் நீர் கோத்திருந்ததாகவும், மூச்சு முட்டிய அன்றே கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். அவள் கடைசியாக உடுத்தியிருந்த துணியைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இன்னும் துவைக்கவில்லை. இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, மன்னிக்கவும்.

4. பயிற்சியாளர் மீதான விசாரணை அதன் போக்கில் நடக்கட்டும். ஆனால் மன்றம் இப்போது மலைப் பயிற்சியையே நிறுத்திவிட்டது. அவளோடு ஓடிய ராஜப்ரியா தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். என் வீட்டுக்கு வந்து, எதுவும் கேட்காமல், வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அவள் கேட்க வந்ததை நான் கேட்கிறேன். பிள்ளைகளை அனுப்புங்கள். அதற்குமுன் இரத்தமும் நெஞ்சும் பரிசோதிக்கப்பட வேண்டும். முதல் சில நாள் நடையும் மெல்லோட்டமும் போதும். முகாமில் ஒரு மருத்துவரும், கீழே இறக்க ஒரு வண்டியும் இருக்க வேண்டும்.

5. முடியவில்லை என்று எந்தப் பிள்ளை சொன்னாலும், அதை நம்பி உடனே கீழே அழைத்து வர வேண்டும் என்று தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன். என் மகள் சொன்னதை நான் நம்பினேன் ஐயா. ஆனால் நான் கண்டனூரில் இருந்தேன்.

இடம்: கண்டனூர்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
சத்தியப்பிரியாவின் தாய்,
(ஒப்பம்) மு. செந்தாமரை