ஆறு மணி நேரம் என்று நினைத்த பயணம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே காலையும் மாலையும் என் வேண்டுதல். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கையெழுத்து நடுங்கினால் வயதின் மேல் பழியைப் போடலாம்.

நீ எடுத்து அனுப்பிய டிக்கெட்டில் பகல் இரண்டு மணிக்குப் புறப்பாடு, அன்றே இரவு எட்டு மணிக்கு வந்து சேருவது என்று இருந்தது. எட்டில் இரண்டு போனால் ஆறு. கான்வென்டில் கணக்கில் ஒரு மதிப்பெண்கூட விடாதவள், இதை யாரிடம் போய்க் கேட்பேன்? உன் சித்தி வீட்டுக்குப் பஸ்ஸில் போகிற நேரம்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நேற்று விமானக் கம்பெனி அலுவலகத்தில் எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம் என்று கேட்கப் போனபோது, அங்கிருந்த பெண் சிரிக்காமல் சொன்னாள்: "உங்க மக ஊர்ல கடிகாரம் பத்தரை மணி நேரம் பின்னாடிம்மா. நீங்க பறக்கப்போறது பதினாறரை மணி நேரம்." அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் உலக உருண்டையைத் துடைத்து நூல் பிடித்துப் பார்த்தேன். நூலுக்கு அடியில் பாதிக்கு மேல் நீலம். பஸ் என்றால் வயிற்றைப் புரட்டினால் நிறுத்தச் சொல்லி இறங்கலாம்.

இன்று காலை சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அப்பாவின் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ரவிக்கை கொடுக்க வந்த கீழ்வீட்டுத் தையற்காரி என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "பிளேன் இப்ப எங்கக்கா போகுது, கடலா கரையா?" என்றாள். கடல் என்றேன். பெல்ட்டை அவிழ்த்து, வாசற்கதவைத் திறந்து, படியில் போய் நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. அங்கே எந்தக் கதவைத் திறப்பேன்? மூட்டுவலி என்று சொல்லி டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று, உன்னிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்துவிட்டேன். ஆனால் மறுபடி உள்ளே வந்து அந்த நாற்காலியைப் பார்த்ததும் மனம் வரவில்லை. போன தடவை பிள்ளை தங்காமல் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போனைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது அதில்தான். அன்று பெல்ட் எதுவும் இல்லை. இருந்தும் எழுந்திருக்க முடியவில்லை. பயந்துகொண்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால், உன் பக்கம் நகர்கிற நாற்காலியில் உட்கார்ந்து பயப்படுகிறேன். வருகிறேன்.

டாக்டர் சொன்னபடி படுத்தே இரு, மாடி ஏறாதே. விமான நிலையத்துக்கு நீ வரவே கூடாது. மாப்பிள்ளையை என் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் நிற்கச் சொல். நான் பயந்தது அவருக்குத் தெரிய வேண்டாம். தெருவிலும் ஆறு மணி நேரம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். தாயும் பிள்ளையுமாக ஒரு குறையும் இல்லாமல் பிழைத்தெழ என் ஆசி. நீ எடுத்த ஜன்னலோர இருக்கையை மட்டும் மறக்காமல் உள்பக்கமாக மாற்றிவிடு.

உன்னிடம் வந்துகொண்டிருக்கும்,
அம்மா