கன்னியாத் தண்ணீர் குடித்த கார்

திருகோணமலை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் லோஜினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கார் மட்டும் காய்ச்சலில் கிடந்து எழும்பி இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. மெல்பேர்ண் குளிருக்குள் நீயும் மருமகனும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று பத்திரகாளி அம்மனுக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். எந்த நாளும் ஃபோனில் கதைக்கிறோமே, பிறகென்ன கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் கதைத்தால் உன் அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் சொல்லுவார், அரசாங்கக் கச்சேரியில் கடிதம் திருத்தி வேலை பார்த்த பழக்கம் பென்ஷன் எடுத்தும் போகவில்லை. இந்த விஷயத்தை அவருக்குத் தெரியாமல்தான் சொல்லவேண்டும். அவர் இப்போது வெளியே காரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார், துடைக்கத் தொடங்கினால் இப்போதைக்கு உள்ளே வரமாட்டார்.

விஷயம் இதுதான். ஆவணியில் நீங்கள் வரும்போது விமான நிலையத்தில் இருந்து வருவதற்கு நீ வேன் ஒழுங்கு பண்ணிவிட்டாய், அப்பா அந்தக் காரைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னாய் அல்லவா, அதற்கு அவர் ஓமோம் பிள்ளை அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். இடியப்பமும் சொதியும் வைத்தேன், சட்டியின் அடியைக் காணாமல் எழும்பாத மனிதன் பாதியில் கை கழுவிவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குத் தானே கார் ஓட்டி வந்து உன்னையும் இன்னும் கண்ணால் காணாத பேத்தியையும் ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று தைப்பொங்கலில் இருந்து அவருக்கு அதே கதைதான். நீ பயந்ததிலும் பிழை இல்லை. காருக்குள் இருந்து ஆவி கிளம்ப, பக்கத்தில் தான் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுத்து உனக்கு அனுப்பிய புத்திசாலி அவர்தானே. ஆனால் அந்தப் படத்தில் பாதிக் கதைதான் இருக்கிறது, மீதியை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு எடு.

பன்குளத்தில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போய்விட்டு நல்ல உச்சி வெயிலில் திரும்பி வந்தோம். என் முழங்காலுக்கு நாலு வாளி சுடுதண்ணீர் வார்த்தால் சுகமாக இருக்கும் என்று நான்தான் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குத் திருப்பச் சொன்னேன். கார் அங்கே போய் நின்றதும் முன்பக்கத்தால் புசுபுசு என்று ஆவி வந்தது. அப்பா ஓடிப்போய் றேடியேற்றர் மூடியைத் திறக்கக் கை வைத்தார், நான் சேலைத் தலைப்போடு பாய்ந்து கையைப் பிடித்திழுத்தேன், இல்லாவிட்டால் முகம் வெந்திருக்கும். அது ஆறும்வரை மர நிழலில் இருந்தோம், அந்த நேரத்தில்தான் அந்தப் படம் எடுத்தார். பிறகு கடையில் ஐஸ் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிவந்து, எஞ்சினுக்கு ஊற்றத்தான், தொடாதே என்று என்னிடம் தந்துவிட்டு மூடியைப் பிடிக்கத் துணி தேடப் போனார். வெயிலோ தலையைப் பிளக்கிறது, கையிலே குளிர்ந்த போத்தல், நானும் மனுசிதானே, முழுக்கக் குடித்துவிட்டேன். அவர் திரும்பி வருவதற்கிடையில் கிணற்றடிக்குப் போய், ஏழு கிணற்றிலும் கை விட்டுப் பார்த்து, சூடு கொஞ்சம் குறைந்ததில் ஒரு வாளி அள்ளிவந்து நல்ல பிள்ளை மாதிரி நின்றேன். அவர் வாளிக்குள் கையை வைத்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொதிச்ச காருக்குச் சுடுதண்ணி வாக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன் என்றார். அதோடு விட்டாரா, சனம் செத்தவைக்கு அந்தியேட்டி செய்ய வாற இடத்துத் தண்ணியடி இது, காருக்கும் செய்து முடிச்சிட்டியோ என்று கடைக்காரருக்கும் கேட்கச் சத்தம் போட்டார். எனக்கும் கோபம் வந்தது, செத்திட்டுதெண்டால் இஞ்சையே காரியத்தை முடிச்சிட்டுப் பஸ்ஸில போவம், இல்லாட்டி ஊத்துங்கோ என்றேன். கடையிலும் வேறு போத்தல் இல்லாததால் ஊற்றினார், வண்டியும் முனகி முனகி வீடு வந்து சேர்ந்தது.

இந்தக் கதையை முன்வீட்டு இக்ராமிடம் சொன்னார், என்னைக் கேலி பண்ணுவதற்குத்தான் சொன்னார். இக்ராமை உனக்குத் தெரியும், மூதூர் மீனை ஐஸ் லொறியில் கொழும்புக்கு ஏற்றுகிறவர், வாய் ஓயாத மனிதன். அவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு, அக்கா நல்ல வேல செஞ்சீங்க, சூட்டோட அந்த ஐஸ் தண்ணிய ஊத்தியிருந்தா எஞ்சின் வெடிச்சிரிக்கும், ஒங்கட தாகம்தான் காரக் காப்பாத்திச்சி என்று சொல்லிவிட்டார். அன்றையில் இருந்து நான் வீட்டில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடக்கிறேன். அதோடு இக்ராம், எஞ்சின் கொதிக்காம ஊத்துற கூலன்ற் மாத்தி எவ்வளவு காலம் சேர் என்று கேட்டார், உன் அப்பா வாசல் கிணற்றைக் கையால் காட்டினார். வருஷக்கணக்காக எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார் மகள், சவுக்காரம் போட்டால் நுரையும் வராத உப்புத்தண்ணீர். நீ போகும்போது, அப்பா, கூலன்ற் மட்டும்தான் ஊற்றவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாய், தண்ணி தண்ணிதானே பிள்ளை என்று அப்போதே அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

கராஜுக்கு விடுவோம் என்றேன், கேட்கவில்லை, என்ர கையால கெட்டதை என்ர கையாலதான் திருத்துவன் என்றார். சனிக்கிழமை விடிய, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே போனார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன, நான் தண்ணீர் பிடிக்கப் பேசனைத் தள்ளிக் கொடுத்தேன். றேடியேற்றருக்கு அடியில் உள்ள ஆணியைத் திறந்ததும் வந்தது பார், பால் விடாத பழைய பிளேன்ரீ மாதிரி ஒரு தண்ணீர், கறளும் சேறும் அதோடு கன்னியா வாசமும். இப்படி ஒன்றைக் குடித்துக்கொண்டுதான் அந்தக் கார் இவ்வளவு காலம் எங்களைக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கொண்டு திரிந்திருக்கிறது, பாவம். பற்றறிக்கு விடுகிற சுத்தத் தண்ணீரை வாங்கி ஊற்றி, எஞ்சினை ஓட விட்டு, ஆறவைத்துத் திறந்து, திரும்பவும் ஊற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினோம், கார் ஆறுகிற நேரமெல்லாம் எங்களுக்கும் தேத்தண்ணீர். பிறகு பச்சை நிறக் கூலன்ற்றை ஊற்றத் தொடங்கினார், கை தவறிக் கொஞ்சம் வெளியே சிந்தி ஓரமாக வைத்திருந்த பேசனுக்குள் போயிற்று. அது இனிக்குமாம், ஆனால் நஞ்சாம், நாய் பூனை வாய் வைக்காமல் பார் என்று என்னை விளக்குமாற்றோடு காவலுக்கு நிறுத்தினார். நாய் வரவில்லை, பூனை வரவில்லை, கோட்டைப் பக்கத்தில் அலைந்து திரிகிற மான்கள் இரண்டு படலை திறந்து கிடந்ததைக் கண்டு உள்ளே வந்துவிட்டன. ஒன்று நேரே பேசனுக்கு மூக்கை நீட்டியது, அதைக் கத்திக் கலைத்துவிட்டுத் திரும்பினால் மற்றது, வேலை முடிந்ததும் காருக்குப் போடவென்று அப்பா வாங்கி மதிலில் வைத்திருந்த பூமாலையைத் தின்று முடித்து நாரைச் சப்பிக்கொண்டு நின்றது.

இனித்தான் பெரிய பகிடி. கூலன்ற் ஊற்றினால் உள்ளே நிற்கிற காற்று வெளியே போகவேண்டுமாம், அதற்கு மூடியைத் திறந்தபடி காரை ஓடவிட்டு, உள்ளே ஹீற்றரை முழுச் சூட்டில் போடவேண்டுமாம். திருகோணமலையில் ஆனி மாத வெயிலில் ஹீற்றர் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்த முதல் ஆள் உன் அப்பாவாகத்தான் இருக்கும். யப்பானில் இருந்து கார் வந்த நாள் தொட்டு அதை யாரும் தொடவில்லை, போட்டதும் கறுப்புத் தூசி முகத்தில் அடித்தது. வியர்வை ஓட ஓட உள்ளே இருந்துகொண்டு குமிழ் வருகுதோ, குமிழ் வருகுதோ என்று கேட்டார். வெளியில் நின்று றேடியேற்றர் வாயைப் பார்த்து, வருகுது, இன்னும் வருகுது, குறையுது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். குமிழ் நின்றதும் மட்டத்துக்கு ஊற்றி மூடினோம். இறங்கி வந்தவர் அவித்த கிழங்கு மாதிரி இருந்தார். அழுக்குத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றவில்லை, பிளாஸ்ரிக் கலனில் அடைத்து இக்ராமின் லொறி கராஜுக்குக் கொடுத்துவிட்டோம், அதையும் நீ கேட்பாய் என்று தெரியும். மருமகனிடம் சொல்லு, உங்கள் ஊரில் உறையாமல் இருக்க விடுகிற சாமானை இங்கே நாங்கள் கொதிக்காமல் இருக்க விடுகிறோம்.

நேற்றுக் கந்தளாய் வரைக்கும் ஓடிப் பார்த்தோம். அவர் சூடு காட்டுகிற ஊசியைப் பார்த்தபடி ஓட்ட நான் றோட்டைப் பார்த்தபடி போனேன், அதற்குக் கொஞ்சம் ஏச்சும் கொடுத்தேன். ஊசி நடுவில் நின்றது, அசையவில்லை. குளக்கட்டில் நிறுத்தி நல்ல காற்றுக்குள் இருந்தோம். இனியென்ன, பிள்ளையைக் கூட்டிவரப் போகலாம்தானே என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் புஸ்பம், வேனே வரட்டும், சின்னப் பிள்ளையோட வாறவள், நாங்கள் வீட்டில நிண்டு சமைச்சு வைப்பம் என்றார். இவ்வளவு பாடுபட்ட மனிதன் இப்படிச் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை மகள். அவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன், முழங்கால் நோவோ என்று கேட்டார், ஓம் என்றேன்.

யோசித்துப் பார். நீ படிக்கப் போனபோதும் கலியாணம் முடித்துப் போனபோதும் அந்தக் காரில்தான் உன்னைக் கொண்டுபோய் விட்டோம். நீ வந்த ஒரு முறையும் மருமகன் வீட்டார் தங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உன்னை விமான நிலையத்துக்குள் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது ஹபரணை வரும்வரை அப்பா பின்னுக்குப் பார்க்கிற கண்ணாடியை அடிக்கடி பார்ப்பார். ஒரு முறையாவது அந்தக் கார் வெறுமையாய்ப் போய் நிறைந்து வரட்டும். வேனை விடவேண்டாம், பெட்டிகள் எல்லாம் அதில் வரட்டும், நீங்கள் மூன்று பேரும் எங்களோடு வாருங்கள். நாங்கள் முதல்நாளே வந்து வத்தளையில் சித்தி வீட்டில் தங்குவோம், அவரை நன்றாகப் படுக்கவைக்கிறேன், களைத்தால் மருமகன் ஓட்டட்டும். குட்டியின் கார்க் கதிரை பின்சீட்டில் கொள்ளும், அவர் ஏற்கெனவே அளந்து பார்த்துவிட்டார்.

மற்றும்படி தலையை ஈரத்தோடு விட்டுக்கொண்டு வெளியே போகாதே, குட்டிக்குக் காதை மூடிக் கட்டு, வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. பிள்ளையும் கணவனுமாக எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. நான் எழுதியதாகச் சொல்லாமல் நீயே ஃபோன் எடுத்து, அப்பா, எங்களைக் கூட்டிக்கொண்டு போக வருவீங்களோ என்று கேள். நான் சொன்னால் அது செல்லாது, நீதான் கேட்கவேண்டும். முதல் தரம் ஏலாது என்பார். இரண்டாம் தரம் கேட்டால் எழும்பிப் போய்விடுவார், அதற்குப் பயப்படாதே, காருக்குக் கூலன்ற் மட்டம் பார்க்கத்தான் போயிருப்பார்.

இப்படிக்கு,
உன்னைக் காண வழி பார்த்திருக்கும் அம்மா,
சோ. புஸ்பராணி