வெந்தெல் வெட்டிய கொடியின் ஓரம்

அனுப்புநர்:
போர்பாஷ் எதெல்கா (வயது 68),
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
9, வாதுமை மரத் தெரு, ஹார்ஷ்மெஸோ, ஹங்கேரி.

பெறுநர்:
விழாப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், ஹார்ஷ்மெஸோ.

பொருள்: புரட்சியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கு இரவல் தந்த கொடியின் ஓரத்தைக் கத்தரித்தது – துணுக்குகளை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆண்டுதோறும் அக்டோபர் 23 அன்று நகராட்சி வாசலில் பறக்கும் ஓட்டைக் கொடி எங்கள் வீட்டுடையது. 1956இல் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த புரட்சியில் ஊரே கொடியின் நடுவிலிருந்த மாஸ்கோ பாணிச் சின்னத்தை வெட்டி எறிந்தபோது, என் அண்ணன் வெந்தெல் இதை ரொட்டிக் கத்தியால் வெட்டினான். அவனுக்கு வயது பத்தொன்பது, எனக்கு எட்டு. வெட்டு கோணலாகப் போனது. இடது பக்கம் சின்னத்தின் மூன்று கோதுமைக் கதிர்கள் மிஞ்சின. விரலையும் கீறிக்கொண்டான். "நேரா வெட்டேன்டா" என்று அம்மா சத்தம் போட்டார். "அதுக்கெல்லாம் நேரமில்லம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

2. புரட்சியை நசுக்கியபின், அடுத்த வசந்தத்தில் அவனைத் தூக்கிலிட்டார்கள். உடலைத் தரவில்லை, புதைத்த இடத்தையும் சொல்லவில்லை. அம்மா கொடியை இறகு மெத்தைக்குள் வைத்துத் தைத்து, ஆட்சி மாறும்வரை முப்பத்திரண்டு வருடம் அதன்மேல் படுத்தார்.

3. நேற்று கொடியைப் பார்க்க வந்தேன். ஓட்டை வட்டமாக, ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. "பிசிறெல்லாம் போயிடுச்சு பாருங்கம்மா, தட்டு மாதிரி இருக்கு. தொலைக்காட்சிக்காரங்க வர்றாங்கல்ல!" என்று தங்கள் பெண் ஊழியர் சந்தோஷமாகக் காட்டினார். அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம். ஓரத்தை மடித்த தையற்காரரின் கைவேலையும் சுத்தமானதே. ஆனால் கதிர்களையும், அவன் விரல் ரத்தம் பட்ட பழுப்புக் கறையையும் காணோம். ஐயா, பூ வைக்க எங்களுக்குக் கல்லறை இல்லை. அந்தக் கறைதான் இருந்தது.

4. கத்தரித்த துணுக்குகள் தங்கள் கிடங்கில் ஒரு சாக்கில் கிடப்பதாகத் தையற்காரர் சொல்கிறார். வெள்ளிக்கிழமை காலை குப்பை வண்டி வருகிறது. கிடங்குச் சாவி தங்கள் மேசையில் இருக்கிறதாம்.

ஆகவே அந்தச் சாக்கை நிறுத்தி வைத்து, நாளை என்னைக் கிடங்கில் அனுமதிக்க வேண்டுகிறேன். நானே தேடுவேன், நானே கையால் ஒட்டித் தைப்பேன், கோணலாகவே. நேராக வெட்ட அவனுக்குத்தான் நேரமில்லை. தங்களுக்கு வெள்ளிக்கிழமை வரை இருக்கிறது.

இடம்: ஹார்ஷ்மெஸோ
நாள்: 12.10.2016

இப்படிக்கு,
வெந்தெலின் தங்கை,
போர்பாஷ் எதெல்கா
(கையொப்பம்)