கோலில் புது ஆள்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் சுகம். மாந்தலேயில் வீடு அமர்ந்துவிட்டதென்று நீ எழுதியதை உன் அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மழைக்காலப் பந்தயங்களுக்கு முன்பாக நம் கெமண்டைன் பேட்டை புட்பால் டீமை மாற்றி அமைத்திருக்கிறார்கள். ராஜரத்தினத்துக்கு முழங்கால் போய்விட்டதால் அவர் இனி ஆடமாட்டார். அவர் இடத்தில் அமீர் அலியின் தம்பி. இரண்டு காலாலும் அடிக்கிறான், நல்ல காரியம். பொன்னுத்துரையைக் கேப்டன் ஆக்கியதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்குக் கோபம் ஜாஸ்தி.

மாப்பிள்ளை நின்ற கோலில் இப்போது கோ தெய்ன் என்ற பர்மாக்காரர் நிற்கிறார். நேற்று பயிற்சி பார்க்கப் போனேன். ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை.

பக்கத்தில் நின்ற குழந்தைவேலு, "உங்க மருமகனைவிட இவர் தேவலை போலிருக்கே, அண்ணே?" என்றார்.

"தேவலைதான்" என்றேன். கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் உன் அம்மா, "மாந்தலே டீம்காரங்க வேலை தர்றோம்னு மாப்பிள்ளையைக் கூப்பிடாம இருந்திருந்தா, எம் பொண்ணு இங்கேயே இருந்திருப்பா" என்றாள். நான் சாப்பாடு போடச் சொன்னேன்.

ஆடியில் மாந்தலே டீம் இங்கே ஆட வருகிறதாம். மாப்பிள்ளையோடு நீயும் ரயிலேறி வந்துவிடு. அன்றைக்கு நான் அவர் கோலுக்குப் பின்னால்தான் நிற்பேன். நம் டீம் ஆட்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா