வேலியோரம் கோத்த விரல்கள்

என்னவருக்கு அன்பான வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நேற்று எங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லையோர வாழ்க்கையைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். கணவன் வேலிக்கு அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். ஞாயிறுதோறும் கம்பிக்குள் விரல் கோத்துப் பேசுகிறார்கள். பிறகு நடந்த கலந்துரையாடலில் எல்லாரும் ‘பாவம்’ என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. “என்ன பாவம்? கொடுத்து வெச்சவ! வாராவாரம் தொட்டுப் பேசுறாளே!” என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. கவலைப்படாதீர்கள், தும்முவதுபோல் முகத்தை மூடிக்கொண்டேன்.

சலவைக்கூடத்து வேலை மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். ஒன்றே ஒன்று. என்னோடு வீடியோவில் பேசும்போது போனை மேசையில் படுக்கவைத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள். இரண்டு வருஷமாக நம் வீட்டு மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி