இரவல் போன மோதிரம்

மார்ச் 4
எந்தக் காட்சியில் யார் என்ன போட்டிருந்தார், எந்தக் கையில் எது இருந்தது என்று குறித்து வைப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. இன்று என் மோதிரத்தையே குறித்தேன். படம் அந்தக் காலத்துக் கதை. விதவை மறுபடி கல்யாணம் செய்தால் ஊரே கதவைச் சாத்தும். நாயகிக்கு வாங்கிய மோதிரம் குளோசப்பில் பல்லிளித்தது. டைரக்டர் என் கையைப் பார்த்தார். சோப்பு போட்டுக் கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இறந்த பதினோரு வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 7
சவுண்டுக்காரர் டீ கொண்டுவந்தார். வெறும் விரலைப் பார்த்தார், டம்ளரை நீட்டினார். "நாம சேர்ந்து இருந்தா என்ன?" என்று போன மாதம் கேட்டவர். ஷூட்டிங் முடிவதற்குள் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்? ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 10
மகள் வந்தாள். சவுண்டுக்காரர் கேட்டதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். வாசலிலேயே விரலைப் பார்த்துவிட்டாள்.
"அதுக்குள்ள கழட்டியாச்சா? மாமியார் வீட்ல நான் எப்படிம்மா தலைகாட்டுறது?"
"ஷூட்டிங்குக்குக் குடுத்திருக்கேன்டி."
"அப்பாடா!"
அவள் கோபத்தைத் தாங்கிவிட்டேன். அந்த அப்பாடாவைத்தான் தாங்க முடியவில்லை. அலுத்துப்போச்சு, எனக்கு அலுத்தே போச்சு.

மார்ச் 15
நாயகி மோதிரத்தைக் கழற்றும் காட்சி. ஒன்பது டேக்.
"அக்கா, கழட்டும்போது அழணுமா?"
"நான் அழல. விரல் வலிச்சுது, அவ்வளவுதான்."
பத்தாவது டேக் ஓகே.

மார்ச் 19
கடைசி நாள். மோதிரத்தைக் காகிதத்தில் மடித்துத் தந்தார்கள். போட்டுக்கொள்ளவில்லை. சவுண்டுக்காரர் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றேன். "என்ன சரி?" என்கிறார், மண்டு! புரிந்ததும் ஒயரைக் கீழே போட்டுவிட்டார்.
மகளிடம் போனில் சொன்னேன். டக்கென்று வைத்துவிட்டாள்.

மார்ச் 28
பீரோவில் மோதிரம் இல்லை. இன்னொரு சாவி மகளிடம்தான் இருக்கிறது. அப்பா போட்டது இனி அம்மாவிடம் எதற்கு என்று எடுத்துப் போய்விட்டாள் போல. கேட்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 20
பதிவு அலுவலகம். சாட்சிக்கு மூன்று பேர். டைரக்டரும் மேக்கப்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். கேமராமேன் பேனாவை வாங்கப் போன நேரத்தில் மகள் உள்ளே வந்தாள். என்னிடம் பேசவில்லை. "எங்க போடணும்?" என்று கிளார்க்கிடம்தான் கேட்டாள்.
பழக்க தோஷம், முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். வலது கை, நடுவிரல். என் மோதிரம். அவளுக்குப் பெரிது, கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றிப் போட்டிருந்தாள்.