டிராக்டர் தானாக உருண்டது

9 ஜூலை, செவ்வாய்
விடாத மழை. குடைக்கம்பி மறுபடி உடைந்தது. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தேன்.

மூன்றரைக்கு விபத்து. தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு மேலே நிறுத்தியிருந்த டிராக்டர் பின்னால் வந்து, கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்கா காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி.

டிரைவர் ஆரோக்கியம் அண்ணன், லயத்தில், அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு. "நா வண்டியிலயே இல்ல ஸ்டெல்லா. எறங்கி சாக்கு தூக்கிட்டு இருந்தேன். கல்லு சேத்துல வழுக்கிருச்சு."

ஹேண்ட் பிரேக் பிடிக்காது. எஸ்டேட்டுக்கே தெரியும். ஒரு வருடமாகச் சக்கரத்தில் கல் வைத்துத்தான் நிறுத்துகிறார்கள். தினமும் காலையில் வண்டிப் புத்தகத்தில் 'பிரேக் சரி' என்று டிக் போடும் ஆபீஸ் கிளார்க் யார்? நான்தான். வண்டியைப் பார்க்காமலே.

10 ஜூலை, புதன்
ரிப்போர்ட் இங்கிலீஷில் வேண்டுமாம். டிராக்டர் 'ரோல்ட் பேக்' என்று அடித்தேன். மலையாளி மேனேஜர் பேனாவால் வெட்டினார்.

"ரிவர்ஸ்டு. அது மதி, அது போதும்."

"யாரும் ஓட்டலை சார். தானா உருண்டுச்சு."

"பின்னால போச்சில்லே? ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றா! ரோல்ட் என்றால் வண்டி தானாக உருண்டது, பிரேக்கை ஏன் சரி பண்ணவில்லை என்று கேள்வி வரும். ரிவர்ஸ்டு என்றால் ஆ. அண்ணன் ஓட்டி ஏற்றினார். வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். இந்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். அதுதான் வயிறு எரிகிறது.

மகளின் டிக்‌ஷனரியைப் புரட்டினேன்.
ஸ்லிப் - அது கல்லுக்கு.
ஸ்கிட் - ஓடுகிற வண்டிக்கு.
ஸ்லைடு - சக்கரம் சுற்றாமல் சறுக்கினால்.
ரோல். ரோலேதான்.

ஆனால் அடித்துக் கொடுத்தது? ரிவர்ஸ்டு. நாளைக்குப் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று. கோழைக் கழுதை நான்.

11 ஜூலை, வியாழன்
மழை விட்டது. குழம்பில் உப்பு அதிகம்.

காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது கழிஞ்சு, முடிஞ்சு போச்சு. டிரைவர் நேத்தே சைன் பண்ணியாச்சு."

லயத்துக்கு ஓடினேன். ஆ. அண்ணன் வாசலில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கத்திவிட்டேன். பக்கத்து வீடுகளில் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு இங்கிலீசு எங்க தெரியும்? ஸ்டெல்லா அடிச்சதுன்னு சார் சொன்னாரு. பெறகென்ன கேக்க? நீயா எனக்குக் கெடுதலா எழுதப் போற?"

சிரித்தார் வேறு.

நாளைக் காலை தேவிகுளத்துக்கு முதல் பஸ் ஆறு மணிக்கு. அங்கே இருக்கும் லேபர் ஆபீஸுக்கு மனு எழுதிவிட்டேன், தமிழிலேயே. முதல் வரி: அந்தப் பொய்யை அடித்தவள் நான்.